மின்கலங்களும் அவற்றின் வகைகளும்
(வெள்ளி விழாவையொட்டிச் சங்கரன்கோவிலில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடைகளில் வாழ்த்துரைகள் மிகுதியாகவும் அறிவியல் உரைகள் குறைவாகவும் இருப்பது வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றி, இளைஞர்களுக்குப் பயன்படும் பொருளைப் பேசுக எனக் கழகத்தார் பணித்தனர். நமக்குத் தரப்பட்ட தலைப்பு மின்கலம். அதாவது நாம் அனைவரும் பேட்டரி என்று சொல்லும் பொருள். இதில் பேச என்ன இருக்கிறது, கடையில் வாங்கிப் போட்டால் எரிகிறது, தீர்ந்தால் எறிகிறோம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எறியும் இடத்தில்தான் பேச வேண்டிய செய்தி நிரம்ப இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

மின்சாரம் என்றவுடன் நம் சமுதாயத்தார் நினைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடு மட்டும் சேர்த்து நினைத்துப் பழகிவிட்டோம். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நாட்டின் மின்சக்தி வளர்ச்சிக்கான திட்டமிடலும் அக்காலத்தில் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1943 அக்டோபரில் மின்சக்திக் கொள்கைக் குழுவின் முன் அவர் ஆற்றிய உரை இன்றும் படிக்கத்தக்கது. மலிவான மின்சாரம் நிறையக் கிடைத்தாலன்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் ஏழ்மையிலிருந்து மக்கள் விடுபட இயலாது என்பது அவ்வுரையின் சாரம். மின்சாரத்தை அவர் பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தியாகக் கருதவில்லை. ஆகவே இந்த மேடையில் நாம் மின்கலத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். இத்தாலி நாட்டில் கால்வானி என்னும் மருத்துவ அறிஞர், இறந்த தவளையின் காலை இருவேறு உலோகங்கள் தொட்டபோது அது துடித்ததைக் கண்டார். தவளையின் உடலிலேயே மின்சாரம் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அவர் நாட்டவரான வோல்டா இதனை ஏற்கவில்லை. மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, இருவேறு உலோகங்களும் இடையில் உள்ள ஈரமுமே காரணம் என்றார். சொன்னதோடு நில்லாமல், துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, உப்பு நீரில் நனைத்த அட்டை என மாற்றி மாற்றி அடுக்கி, தவளையே இல்லாமல் மின்சாரத்தை வரவழைத்துக் காட்டினார். இது நிகழ்ந்தது 1800ஆம் ஆண்டு. உலகின் முதல் மின்கல அடுக்கு அதுவே. வோல்ட் என்னும் அளவு அவர் பெயரால் வந்தது.

இன்றைய எந்த மின்கலத்தைத் திறந்தாலும் வோல்டா அடுக்கிய அந்த மூன்றே இருக்கக் காணலாம்: இருவேறு பொருள்கள், இடையில் ஒரு கரைசல் அல்லது பசை. இரு பொருள்களுள் ஒன்று எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக் கொடுக்கும் இயல்புடையது. மற்றொன்று அவற்றை விரும்பி ஏற்கும் இயல்புடையது. இடையிலுள்ள கரைசல் எலெக்ட்ரான்களைத் தன் வழியே செல்ல விடாது. ஆகவே அவை வெளியே நாம் இணைக்கும் கம்பி வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டியதாகிறது. செல்லும் வழியில் விளக்கை வைத்தால் விளக்கு எரியும். விசிறியை வைத்தால் சுழலும். எலெக்ட்ரான்கள் வெளியே செல்லும்போது கணக்கு நேராவதற்காக அயனிகள் என்னும் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் கரைசலின் வழியே உள்ளே நகர்கின்றன. வெளிப்பாதையும் உட்பாதையும் சேர்ந்தே ஒரு சுற்று. ஒன்று தடைப்பட்டாலும் மற்றது நின்றுவிடும்.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நம் பக்கத்தில் புளியங்குடி எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. ஒரு பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் செம்புக் கம்பித் துண்டு ஒன்றையும் ஒன்றையொன்று தொடாதவாறு செருகுக. அளந்து பார்த்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட் காட்டும். ஒரு பழத்தால் விளக்கு எரியாது. நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால் சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று மங்கலாக எரியும். எலுமிச்சையில் மின்சாரம் இருக்கிறது என்று இதைக் கண்டு சொல்வோர் உண்டு. அது கால்வானி கொண்ட அதே கருத்து! ஆற்றல் துத்தநாகத்திலிருந்து வருகிறது. ஆணியின் பூச்சு கரைந்து தீர்ந்தால் விளக்கும் அணையும். பழம் வெறும் சாறுதான். புது வண்டியின் சக்கரத்தடியில் நசுங்கும் பழங்களில் நான்கு இப்படிப் பயன்பட்டால் பிள்ளைகளுக்கு நன்று.

நாம் பேட்டரிக் கட்டை என்று வழங்கும் உலர் மின்கலத்தைப் பார்ப்போம். இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் சென்றோர் கையில் இரண்டு கட்டை, மூன்று கட்டை லைட் இருந்த காலத்தை மூத்தோர் அறிவர். லெக்லாஞ்சே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1866இல் அமைத்த ஈரக் கலத்தை, கார்ல் காஸ்னர் என்னும் ஜெர்மானியர் 1886இல் சிந்தாத உலர் கலமாக்கினார். கட்டையின் உள் உறை துத்தநாகத்தால் ஆனது, அதுவே எதிர்முனை. நடுவில் நிற்கும் கரிக்கோல் நேர்முனை. கோலைச் சுற்றியுள்ள கரும்பொடி மாங்கனீஸ் டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்தது. அந்தப் பொடியை ஊமத்தை இலையோடு சேர்த்து அரைத்துப் பள்ளிக் கரும்பலகைக்குப் பூசிய கைகள் இந்த அவையில் பல இருக்கும். கட்டையைப் பயன்படுத்தப் பயன்படுத்த உறை அரித்துக்கொண்டே வந்து இறுதியில் பொத்துப் போகிறது. தீர்ந்த கட்டையை லைட்டிலேயே விட்டுவைத்தால் பசை கசிந்து லைட்டையே கெடுப்பது இதனால்தான். தீர்ந்ததை வெயிலில் காயவைத்தால் சற்று நேரம் எரியுமே என்பர். உண்மைதான். வெப்பத்தால் உள்ளே வேதிமாற்றம் சிறிது விரைவு பெறுகிறது. ஆனால் அதில் புதிய ஆற்றல் ஏதும் ஏறுவதில்லை. எஞ்சியிருந்த சிறிதும் வெளிவருகிறது, அவ்வளவே.

இவ்வகைக் கலம் ஒன்றுக்கு 1.5 வோல்ட். அல்கலைன் என விற்கப்படுவதும் 1.5 வோல்ட் தான். பசைக்குப் பதிலாகக் காரக் கரைசல் கொண்டது. விலை அதிகம், உழைப்பும் அதிகம். சுவர்க் கடிகாரத்துக்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் சாதாரணக் கட்டையே போதும். மிகுதியாக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு அல்கலைன் சிக்கனமாக அமையும். புதியதையும் பழையதையும் கலந்து போடலாகாது. இவ்விரண்டையும் மீண்டும் மின்னேற்ற முயல்வதும் கூடாது, வெடிக்கக்கூடும். மின்னேற்றத் தக்க கட்டை வேண்டுவோர் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையை வாங்குக. அது 1.2 வோல்ட்.

பொத்தான் வடிவக் கலங்களைப் பற்றித் தாய்மார்கள் கவனத்துக்கு ஒரு செய்தி. 2032 என்று எண் பொறித்த, இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வட்டுகள் இன்று விளையாட்டுப் பொருள்களிலும் வருகின்றன. குழந்தை அதனை விழுங்கி அது உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழல் வெந்து புண்ணாகிவிடும். தானே வெளிவரும் என்று காத்திராமல் அக்கணமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அடுத்தது ஈய அமில மின்கலம். நம் உரையில் பெரும்பகுதி இதற்கே உரியது. 1859இல் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டது. கண்டு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேருந்திலும் டிராக்டரிலும் இன்வெர்ட்டரிலும் இன்னும் அசையாமல் அமர்ந்திருக்கிறது. நேர்முனையில் ஈய டை ஆக்சைடு, எதிர்முனையில் கடற்பஞ்சு போன்ற ஈயம், இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் பெருகுகிறது. மின்னேற்றும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவேதான் அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் பார்த்தே பேட்டரியின் நிலையைச் சொல்ல முடிகிறது. நிறைவாக ஏறியிருந்தால் 1.25 அளவில் நிற்கும். தீரத் தீர இறங்கும். தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகட்டின் மேல் சல்பேட்டு கல்லாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுப் பயன் திரும்பாது. பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் உழைப்பன்று, கவனிப்பின்மையே.

ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட். லாரி பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் பெரும் மின்னோட்டம் தருவதற்காக அவ்வாறு செய்யப்பட்டது அது. இன்வெர்ட்டருக்கு வேண்டியதோ குறைந்த மின்னோட்டத்தை மணிக்கணக்கில் தரும் டியூபுலர் வகை. பழைய லாரி பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதென்று இன்வெர்ட்டரில் இணைப்பவர் விரைவில் இரண்டாவது பேட்டரி வாங்குவார்.

கடையில் 150 ஆம்பியர் மணி என்று சொன்னால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 150ஐப் 12ஆல் பெருக்கினால் 1800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். இது ஏட்டுக் கணக்கு. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும், முழுவதும் வடியவிடக் கூடாது என்பதையும் கருதினால் 1200 வாட் மணியே கைக்கு வரும். இரண்டு மின்விசிறி 150 வாட், இரண்டு எல்.இ.டி. குழல் விளக்கு 40 வாட், கைப்பேசிக்கு 10 வாட் என மொத்தம் 200 வாட். ஆறு மணி நேரம் ஓடும். இந்தப் பெருக்கலும் வகுத்தலும் ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆயினும் 2012இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது, இக்கணக்கைப் போடாமல் கடன் வாங்கிப் பேட்டரி வாங்கி ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ! இன்னொரு சோதனையும் உண்டு. 150 ஆம்பியர் மணியுள்ள டியூபுலர் பேட்டரி அமிலத்தோடு ஐம்பது கிலோவுக்கு மேல் எடையிருக்கும். ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கி வந்து வைத்தால், உள்ளே ஈயம் குறைவு என்று பொருள்.

பராமரிப்பில் இரண்டே செய்திகள் சொல்வோம். குறையும் அளவுக்கு வாலை வடிநீர் மட்டும் ஊற்றுக. கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டா, அவற்றிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் வைத்து, அருகில் தீக்குச்சி கிழிக்காதிருக்க வேண்டும். தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் இளைஞர் அமிலம் கலக்கும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

இனி, பின்னர் வருவோம் என்று தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறோம். பழைய ஈய பேட்டரியை யாரும் தெருவில் எறிவதில்லை. அதற்கு விலை உண்டு. எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கினால் மீண்டும் பேட்டரிக்கே ஆகும். முறையான உலைகளில் இது நல்ல தொழில். ஆனால் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், கூரைக் கொட்டகையில், கோடரியால் பேட்டரியைப் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்கும் வேலையும் நாட்டின் பல பகுதிகளில் நடக்கிறது. அவ்வேலைக்கு ஆள் தேடி வருபவர் எந்தத் தெருவுக்கு முதலில் வருவார் என்பதை நாம் அறிவோம். ஊரார் தொட அஞ்சும் வேலைகளெல்லாம் எந்த வழியில் வந்தனவோ அதே வழியில்தான் இதுவும் வரும். இம்முறை கையில் கூடுதல் கூலியோடு வரும்.

ஈயத்துக்கு மணமில்லை, உடனே எரிச்சலுமில்லை. தூளாகவும் புகையாகவும் உடலுக்குள் சென்று எலும்பில் தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு வயிற்று வலி, இரத்தச் சோகை, கைகால் தளர்ச்சி, சிறுநீரகக் கேடு. குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியே குன்றும். அது பின்னர் திரும்பாது. இவ்வளவு ஈயம் இரத்தத்தில் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. தந்தை வேலைக்குச் செல்கிறார், பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது என்று எண்ண வேண்டா. தந்தையின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிய தூளே பிள்ளைக்குப் போதும். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்கரை ஒட்டிய தியாரோய் என்னும் ஊரில், பழைய பேட்டரி உருக்கிய மண்ணால் 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளிடம், கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக யூனிசெஃப் 2020இல் அறிவித்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்த ஒரு கழகத்திற்கு இதைவிட நெருக்கமான செய்தி எது? நாம் இரவுப் பாடம் நடத்திப் படிக்க வைக்கும் மூளையை ஒரு கொட்டகையின் புகை மழுங்கடித்துவிட முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001இலேயே பழைய பேட்டரிகளுக்கு விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2022இல் வந்த விதிகள், விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்துகின்றன. புதியது வாங்கும்போது பழையதைக் கடையில் ஒப்படைத்து விலையில் கழித்துக்கொண்டு, ரசீதும் பெறுங்கள். வாசலுக்கு வந்து பத்து ரூபாய் கூடுதலாகத் தரும் வியாபாரியிடம் கொடுத்தால், அது எந்தக் கொட்டகைக்குப் போகிறதென்று நமக்குத் தெரியாது. ஈய நச்சை 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இழப்பீட்டுக்குரிய நோயாகவும், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயாகவும் ஏற்றன. இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்நோய் இடம்பெற்றுள்ளது. உரிமம் பெற்ற ஆலையில் வேலைக்குச் செல்வோர் இரத்தப் பரிசோதனையையும் முகமூடியையும் கேட்டுப் பெற வேண்டும். வேலை உடையை ஆலையிலேயே களைந்து, குளித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். கேட்பது சலுகையன்று, உரிமை.

லித்தியம் அயனி மின்கலத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். 1991இல் சோனி நிறுவனம் இதனைக் கடைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. லித்தியம் மிக இலேசான உலோகம். அதன் அயனிகள் இரு முனைகளுக்கும் இடையே ஊஞ்சல் போல் போய்வருகின்றன. ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 3.7 வோல்ட், இரும்பு பாஸ்பேட் வகையில் 3.2. சிறிய எடையில் பேராற்றல் அடங்கியிருப்பதால் கேடு நேர்ந்தால் தீயும் பெரிது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகை மூட்டத்தில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். நம் வீடுகள் பலவற்றுக்கு வாசல் ஒன்றே. அந்த வாசலில் வண்டியை நிறுத்தி மின்னேற்றிவிட்டு உள்ளே உறங்குவதை அறவே விட வேண்டும். உப்பிய கைப்பேசி பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்குவதும் அத்தகையதே.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வழியில் காற்றாலைகள் நிற்பதைக் காண்கிறீர்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் அவை சுழன்று தரும் மின்சாரத்தைக் காற்றில்லாத நாளுக்குச் சேமித்து வைக்கப் பெரும் மின்கலத் தொகுதிகள் வேண்டும். வரும் ஆண்டுகளில் இத்தொழிலில் வேலைகள் பெருகும். அதற்கான படிப்பு நெடுந்தொலைவில் இல்லை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் அந்நாள் குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்கல ஆய்வில் நாடறிந்தது. உள்நாட்டிலேயே லித்தியம் அயனி மின்கலம் செய்யும் நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க 2018இல் அது ஒப்பந்தம் செய்தது. அங்கே வேதியியலும் மின்வேதியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் நடத்தப்பெற்று வந்துள்ளது. மருத்துவம், இல்லையேல் வழக்கமான பொறியியல் என்றே எண்ணும் நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் விண்ணப்பிக்கும்போது இதனையும் விசாரித்துப் பார்க்கலாம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்போர்க்கும் இன்வெர்ட்டர், சூரிய மின்தகடு, மின் வண்டிப் பழுதுபார்ப்பு என வழிகள் உள்ளன.

மேசையின் மேல் குறுக்காக அறுத்த பேட்டரிக் கட்டை ஒன்றும், நான்கு எலுமிச்சம் பழங்களும், வோல்ட் அளக்கும் கருவியும் வைக்கப்பட்டுள்ளன. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து தாமே இணைத்துப் பார்க்கலாம். கட்டையைத் தொட்டவர்கள் வாசலில் உள்ள தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உணவுக்கு அமருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆணி குத்திய பழங்களை யாரும் உண்ணலாகாது.